சிட்டிகையும் சிவப்புப் பலகையும்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குச் சிட்டிகை என்று பெயர் வைத்தது நான்தான். உப்பை அள்ளிப் போட்டுவிட்டு அப்புறம் முழிக்கிறவர்கள் உண்டு, சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு ருசி பார்க்கிறவர்களும் உண்டு. கம்ப்யூட்டருக்குக் கோடு எழுதுவதில் அவள் இரண்டாவது ரகம். மற்றவர்கள் நாள் கணக்கில் எழுதிச் சேர்த்து ஒரே மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். அவள் நாலு வரி மாற்றினால் அந்த நாலு வரியை உடனே அனுப்பிவிடுவாள். பிறகு அடுத்த நாலு வரி. பெயரைக் கேட்டால் கோபப்படுவாள் என்று நினைத்தேன். மறுநாளே உள் தொலைபேசியில் யாரிடமோ "ஆமா, சிட்டிகைதான் பேசறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் செய்வது கார் நிறுத்துமிடங்களுக்கான மென்பொருள். வண்டி வந்தால் சீட்டு கொடுக்க வேண்டும், தடுப்புக் கம்பியைத் தூக்க வேண்டும், போகும்போது காசை வாங்கிக்கொண்டு இன்னொரு தடவை தூக்க வேண்டும். சோபா விற்கிற கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருக்கிறோம். என் வேலை டெஸ்டிங். அதாவது, அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பது. வீட்டில் இதைச் சும்மா செய்கிறேன், இங்கே சம்பளம் தருகிறார்கள். என் மேஜைக்குப் பக்கத்தில் பாதியாக அறுத்த நிஜத் தடுப்புக் கம்பி ஒன்று நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அதனிடம் ஒருமுறையாவது தலையில் வாங்கியிருக்கிறார்கள். சிட்டிகை மட்டும் வாங்கவில்லை. முதல் நாளே சற்றுத் தள்ளி நின்று, அது எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் கடந்து வந்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு நல்ல கம்பெனியில் வேலை பார்த்தவள். பெண் பிறந்ததும் விட்டாள். ஒரு வருடம் என்று விட்டது பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கணவர் நிலம் அளக்கிறவர். மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். அவர் தடுக்கிற ஆள் கிடையாது. "கிடைச்சா போ, இல்லன்னா விடு" என்பார். தடுத்திருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன், இப்படிச் சொன்னால் யாரோடு சண்டை போடுவது என்று அவளே ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

துணி துவைக்கும் மெஷின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, விட்டுப்போன படிப்பை அவள் மறுபடி பிடித்தாள். குழந்தை எந்த நிமிடம் எழுந்திருக்கும் என்று தெரியாது. எழுந்தால் நேராக வந்து கீபோர்டில்தான் கை வைக்கும். அதனால் முடிந்தவரைக்கும் சரிபார்த்து, சேமித்து, மூடிவிட வேண்டும். அப்புறம் போய்க் குழந்தையைத் தூக்கலாம். குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் இந்தப் பழக்கம் அவள் கையை விட்டுப் போகவில்லை. அதோடுதான் எங்களிடம் வந்து சேர்ந்தாள். ஆறு மாதம் பார்ப்போம், சரிப்பட்டால் நிரந்தரம், இல்லாவிட்டால் வணக்கம் என்பது எங்கள் கம்பெனி வழக்கம். இத்தனை வருட இடைவெளிக்குப் பிறகு வேறு யாரும் அவளை நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை. இது போனால் திரும்ப மெஷின் பக்கத்தில்தான் நிற்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

எங்கள் ஹாலின் மூலையில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அதன் முன்னால் யாரும் உட்கார மாட்டார்கள். எல்லாரும் அனுப்பும் கோடு அங்கேதான் போய்ச் சேரும். ஒவ்வொரு முறை யாராவது அனுப்பும்போதும் அது எல்லாவற்றையும் சேர்த்துக் கம்பைல் செய்து, ஓடக்கூடிய ஒரே ஃபைலாக்கி, பழைய ஃபைலின் மேல் எழுதிவிடும். அந்தப் புது ஃபைலைத்தான் நான் எடுத்து ஓட்டிப் பார்ப்பேன். கோடில் தப்பு இருந்தால் கம்பைல் நின்றுவிடும், அது நியாயம். ஆனால் தங்கள் கம்ப்யூட்டரில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் எங்களில் யாரும் அனுப்புவதில்லை என்பதால் அது அபூர்வம்.

நாங்கள் அவஸ்தைப்பட்டது வேறொரு பிழையால். கோடில் ஒரு குறையும் இருக்காது. எல்லாம் முடிந்து, பழைய ஃபைலின் மேல் எழுதப் போகிற கடைசி நொடியில், ஃபைலை வேறு யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள், எழுத முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடும். இன்னொரு முறை ஓட்டினால் ஒன்றுமே நடக்காதது மாதிரி சமர்த்தாக முடிந்துவிடும். ஒருநாள் வரும், இரண்டு நாள் வராது, அப்புறம் ஒரே காலையில் மூன்று தடவை வரும். "மறுபடி ஓட்டு" என்பதுதான் எங்கள் ஒரே வைத்தியம். காய்ச்சல் தணிந்துவிட்டால் ஏன் வந்தது என்று யார் கேட்கப்போகிறார்கள்? நாங்களும் கேட்கவில்லை.

மானேஜர் கேட்டார், அவர் பாணியில். பொல்லாத மனிதர் இல்லை. ஒரு காலத்தில் நன்றாகக் கோடு எழுதியவர். இப்போது கூட்டங்களில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதுதான் வேலை. இந்தப் பிழையெல்லாம் தலைகாட்டுவதற்கு முன்பே, ஒரு நீண்ட விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து ஆசை ஆசையாகத் தன் கையாலேயே ஒரு நிரல் எழுதிக்கொண்டு வந்தார். அதற்குக் காவலாளி என்று பெயர் வைத்தார். ஹால் சுவரில் பெரிய டிவியை மாட்டி அதில் ஓடவிட்டார். கம்பைல் நல்லபடி முடிந்தால் டிவி பச்சையாகி, புது ஃபைலின் பதிப்பு எண்ணைக் காட்டும். நின்றுவிட்டால் முழுச் சிவப்பு. அதோடு, கடைசியாகக் கோடு அனுப்பியவரின் படம் ஆளுயரத்துக்கு வரும். பச்சை திரும்பினாலும் படம் போகாது. "கடைசியாக உடைத்தவர்" என்ற தலைப்பின் கீழ், அடுத்த ஆள் சிக்கும் வரைக்கும் ஓரமாக நிற்கும். யார் எத்தனை தடவை என்ற கணக்கும் அடியில் ஓடும்.

சிட்டிகையின் படம், சேர்ந்த அன்று அடையாள அட்டைக்காக வாசலில் எடுத்தது. அன்றைக்குப் பார்த்து நல்ல மழை. தலைமுடி நெற்றியில் ஒட்டி, ஒரு கண் பாதி மூடி, திருடப்போன இடத்தில் பிடிபட்ட மாதிரி இருப்பாள். அந்த முகத்தைத்தான் நாங்கள் மாதக்கணக்கில் பார்த்தோம். டிவி சிவந்தால் பாதிக்கு மேல் அவள் படம்தான். கணக்கில் அவளுக்குப் பக்கத்தில்கூட யாரும் இல்லை.

"புதுசுல்ல, கை பழகலை" என்றார்கள் முதலில். "வீட்டு ஞாபகமா இருக்கும்" என்றார்கள் பிறகு. நிரந்தரம் ஆக்குவதா வேண்டாமா என்று பார்க்கும்போது டிவிப் பலகைக் கணக்கையும் பார்ப்பேன் என்று மானேஜர் பொதுவாகச் சொன்னார். பொதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லாரும் அவள் பக்கம் திரும்பினோம். பிழைகள் கூடக் கூட அவர் காவலாளியையும் முடுக்கிவிட்டார். முதலில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தது, பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க ஆரம்பித்தது. அதற்கப்புறம் சிவப்பு இன்னும் அதிகமாயிற்று. கண்காணிப்பு போதவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அவள் வீட்டுக்குக் கீழ் வீட்டில்தான் நாத்தனார் குடியிருந்தாள். பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அங்கேதான் இருப்பாள். "உனக்கெதுக்கும்மா இந்தத் தலைவலி? அவன் சம்பாதிக்கறது போதாதா?" என்று நாத்தனார் தினமும் சாவியைக் கொடுக்கும்போது கூடவே கொடுப்பாள். பெண் மட்டும் ஒருநாள், "அம்மா, உன்னைப் பாஸ் போடுவாங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அதைச் சொல்லும்போது சிட்டிகை சிரித்தாள்.

"நீ ஏன்டி இவ்வளவு தடவை அனுப்பறே? எல்லாரையும் மாதிரி சேர்த்து வெச்சு வாரத்துக்கு ஒண்ணு அனுப்பேன். படமும் வராது, கணக்கும் ஏறாது" என்றேன்.

"அதேதான் நானும் யோசிச்சேன். பிழை என்னைத் தேடி வரலை. நான்தான் அடிக்கடி அது வாசலுக்குப் போறேன். எல்லாருக்கும் நடக்கறதுதான் எனக்கும் நடக்குது, நான் அதிகம் போறதால அதிகம் மாட்டறேன்."

"அப்ப போகாதே."

"போகலைன்னா நான் தப்பிச்சுடுவேன். அது அங்கேயேதானே இருக்கும்?"

எனக்கு இந்த மாதிரி ஆட்களைக் கண்டால் எரிச்சல் வரும். அன்றைக்கும் வந்தது.

அவள் முதலில் ஆன்டிவைரஸைப் பிடித்தாள். புது ஃபைலைக் கண்டால் மோந்து பார்ப்பது அதன் குணம். கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பவரிடம் சொல்லி, அந்த ஃபோல்டர் பக்கம் அது போகாதபடி செய்தாள். இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் சிவப்பு. அடுத்து என்னிடம் வந்தாள். நான் ஃபைலை அங்கிருந்தபடியே திறந்து ஓட்டுகிறேனா, மூடாமல் சாப்பிடப் போகிறேனா என்று கேட்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் எப்போதும் என் கம்ப்யூட்டருக்கு எடுத்து வைத்துக்கொண்டுதான் ஓட்டுவேன் என்று ஹாலுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். அவள் பொறுமையாகச் சரிபார்த்துவிட்டு, "சரிதான், நீ இல்லை" என்றாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பட்டியலில் ஒரு பெயரை அடித்தாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு ஃபைலை எந்த நிரல் பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டுவதற்கு ஒரு சின்னக் கருவி உண்டு. அதையும் மூலைக் கம்ப்யூட்டரில் போட்டாள். ஆனால் டிவி சிவந்ததும் எழுந்து ஓடி, அதைத் திறந்து பார்ப்பதற்குள் பிடித்தவன் விட்டுவிட்டுப் போயிருப்பான். பெரிய கார் நிறுத்தமொன்றின் முதலாளிகள் எங்களைப் பார்க்க வந்திராவிட்டால் அவள் இன்னும் ஓடிக்கொண்டேதான் இருந்திருப்பாள்.

வெளியாட்கள் வரும் நாட்களில் மானேஜர் காவலாளியை நிறுத்திவிட்டு, அதே டிவியில் கடற்கரையோரக் கார் நிறுத்தம் ஒன்றின் அழகான படத்தைப் போட்டுவைப்பார். வீட்டுச் சண்டையை விருந்தாளி பார்க்கலாமா என்பது அவர் கட்சி. அன்று சாயங்காலம் விருந்தாளிகள் போனதும் அவர் ஹால் நடுவில் நின்று சொன்னார்: "பாத்தீங்களா? இன்னிக்கு ஒரு கம்பைல்கூட நிக்கலை. வெளியாள் வந்தா மட்டும் எல்லாருக்கும் பொறுப்பு வந்துடுது."

சிட்டிகை என் பக்கம் சாய்ந்தாள். "காலையிலிருந்து எவ்வளவு அனுப்பிட்டேன் தெரியுமா? ஒண்ணுகூட நிக்கலை."

"இன்னிக்கு உனக்கு அதிர்ஷ்டம்."

"அதிர்ஷ்டம்னா எனக்கு மட்டும்தானே இருக்கணும்? யாருக்குமே நிக்கலையே. போன தடவை ஆளுங்க வந்தப்பவும் நிக்கலை."

சொல்லிவிட்டு டிவியில் தெரிந்த கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. மறுநாள் காவலாளி திரும்ப வந்ததும், அவள் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு மூலைக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். முதல் நாள் என் தடுப்புக் கம்பி முன் நின்றாளே, அதே மாதிரி. எப்போது இறங்குகிறது என்று பார்த்தாள். மத்தியானத்துக்குள் எழுந்து வந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"யாருன்னு தெரிஞ்சுடுச்சு" என்றாள். "சொல்றதுக்குத்தான் பயமா இருக்கு. நாளைக்கு எனக்கு ஆறு மாச ரிவ்யூ."

காவலாளி பதிப்பு எண்ணைக் காட்ட வேண்டுமென்றால் அந்த ஃபைலைத் திறந்து படித்தாக வேண்டும். படித்து முடிக்கும் வரை வேறு யாரும் எழுத முடியாதபடி அதைப் பூட்டிக்கொண்டு படித்தது. எங்கள் நெட்வொர்க் இருக்கிற லட்சணத்துக்குச் சில நொடிகள் ஆகும். அந்த நொடிகளில் யாருடைய கம்பைல் முடிகிறதோ அவர் படம் சுவரில். நிமிடத்துக்கு ஒருமுறை என்று ஆக்கினபோது மாட்டுகிறவர்களும் அதிகமானார்கள்.

"அவர் பெத்த பிள்ளை மாதிரி அதை வெச்சிருக்கார்" என்றேன். "ரிவ்யூ முடிஞ்சு சொல்லேன்."

"கணக்கை வெச்சு வேண்டாம்னுட்டார்னா, அப்புறம் யார்கிட்ட சொல்றது? நீயும் வா. நான் பாதியில நின்னுட்டா நீ பேசு. உனக்குத்தான் வாய் இருக்கே."

இரண்டு பேரும் போனோம். என் வாய்க்கு அங்கே வேலையே இல்லாமல் போயிற்று.

"சார், காவலாளியை ஒரு நாள் நிறுத்தி வைக்க முடியுமா?" என்று ஆரம்பித்தாள்.

அவர் லேசாகச் சிரித்தார். "ஏம்மா, படத்தைப் பாக்கக் கஷ்டமா இருக்கா? இருக்கட்டும்னுதானே வெச்சிருக்கு."

"கஷ்டமாத்தான் சார் இருக்கு. க்ளாஸ் வாசல்ல முட்டி போட வெச்ச மாதிரி இருக்கு. ஆனா அதுக்காகக் கேக்கலை. ஒரு நிமிஷம் வந்து பாருங்க."

மூலைக் கம்ப்யூட்டர் முன் அவரை உட்காரவைத்தாள். தன் பெயரிலேயே ஒரு சின்ன மாற்றத்தை அனுப்பத் தயாராக வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பகீரென்றது. மறுநாள் ரிவ்யூவை வைத்துக்கொண்டு தன் கணக்கில் தானே இன்னொன்றை ஏற்றிக்கொள்கிறாளே!

"இப்ப நிக்கும் பாருங்க, சார்" என்று அனுப்பினாள்.

நின்றது. எங்கள் முதுகுக்குப் பின்னால் டிவி சிவந்து, நனைந்த தலையோடு அவள் முகம் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் கருவி காட்டிய வரியைத் தொட்டுக் காண்பித்தாள். ஃபைலைப் பிடித்திருப்பவர்: காவலாளி.

அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். காது மடல் சிவந்துவிட்டது. "நான் படிக்கறதுக்கு மட்டும்தானே திறக்கறேன்?"

"ஆமா சார். ஆனா கதவைத் தாழ் போட்டுட்டுப் படிக்குது. போடாதேன்னு நாம சொல்லலைன்னா அது போட்டுக்கும்."

"நான் சொல்லலையா?"

"சொல்லலை சார்."

அவர் காவலாளியை நிறுத்தினார். "நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். நன்றி என்றோ தப்பு என்றோ ஒரு வார்த்தை வரவில்லை.

மறுநாள் ரிவ்யூவுக்கு உள்ளே போனவள் சீக்கிரமே வெளியே வந்தாள். "'நிரந்தரம்தான், தொடர்ந்து பாருங்க'ன்னார்" என்றாள். "வேற ஒண்ணும் சொல்லலை." கணவருக்குப் போன் செய்தாள். "நல்லது, வரும்போது பல்பு வாங்கிட்டு வா, ஹால்ல எரியலை" என்றாராம். பெண்ணுக்குச் செய்தாள். அந்தக் கூச்சல் என் மேஜை வரைக்கும் கேட்டது.

இரண்டு நாளில் காவலாளி திருந்தி வந்தது. இப்போது ஃபைலின் நகல் ஒன்றைத்தான் படிக்கிறது. அதற்கப்புறம் பச்சையோ பச்சை. வாரக்கணக்கில் ஒரு கம்பைலும் நிற்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அடுத்த ஆள் சிக்கினால்தானே படம் மாறும்? கடைசியாக நின்றது அவள் வேண்டுமென்றே நிறுத்திக் காட்டியது. அதனால் "கடைசியாக உடைத்தவர்" என்ற தலைப்பின் கீழ், நனைந்த தலையும் அரைக் கண்ணுமாக அவளே நாள் முழுக்க நின்றாள். கீழேயிருந்து நாற்காலி கொண்டுவந்த கடைக்காரர், "மேடத்துக்கு அவார்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"எடுக்கச் சொல்லேன்டி" என்று கத்தினேன்.

"அதுல எடுக்கறதுக்கு வழியே வைக்கலையாம். விடு."

யாராவது ஒருவர் வேண்டுமென்றே ஒரு தப்பு செய்து தன் படத்தைப் போட்டுக்கொள்ளுங்களேன் என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டுப் பார்த்தேன். அவள்மேல் எல்லாருக்கும் அனுதாபம் உண்டு. அவரவர் டப்பாவை மூடிக்கொண்டு அனுதாபப்பட்டார்கள். நான் அனுப்பலாம் என்றால் டெஸ்டிங்காரிக்குக் கோடு அனுப்ப அனுமதி இல்லை.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் மானேஜரும் நானும் டீ குடிக்கக் கீழே இறங்கினோம். சோபா கடையில், விற்பனைக்கு வைத்திருந்த பெரிய சோபாவின் ஓரத்தில் பள்ளிக்கூடப் பையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சிட்டிகையின் பெண் என்று முகமே சொன்னது. நாத்தனார் எங்கோ போயிருந்ததால் இங்கே வரச் சொல்லியிருக்கிறாள்.

"மேல வந்து அம்மா சீட்ல உக்காரலாமே" என்றார் மானேஜர்.

"அம்மா இங்கதான் இருக்கச் சொன்னாங்க, அங்கிள். ஆபீசுக்கு இன்னொரு நாள் கூட்டிட்டுப் போறாங்களாம். எப்பக் கேட்டாலும் இன்னொரு நாள்னுதான் சொல்றாங்க."

அவர் டீ குடிக்க வரவில்லை. திரும்பி மாடி ஏறினார். நான் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது டிவி முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் நாங்கள் உள்ளே நுழைந்தபோது ஹாலே சிவப்பாக இருந்தது. படத்தில் மானேஜர். அவர் சேர்ந்த காலத்துப் படம், கழுத்தை நெரிக்கிற டையும் அடர்ந்த மீசையுமாக. வருடக்கணக்கில் ஒரு வரி கோடு அனுப்பாத மனிதர், அன்று அதிகாலையில் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தார். அதன் கடைசியில் கட்டாயம் இருக்க வேண்டிய செமிகோலன் என்கிற அரைப்புள்ளி இல்லை. அத்தனை அனுபவம் உள்ளவர் செமிகோலனை விடுவாரா என்று யாரும் கேட்கவில்லை. அவர் அறைக் கதவு சாத்தியிருந்தது.

சிட்டிகை கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உட்கார்ந்து, அந்தச் செமிகோலனைப் போட்டு, ஒரே எழுத்தை அனுப்பினாள். அவள் வாழ்நாளிலேயே மிகச் சின்னச் சிட்டிகை அதுதான். டிவி பச்சையாயிற்று. மானேஜர் மீசையோடு ஓரத்தில் நின்றார்.

அன்று சாயங்காலம் பெண்ணை மேலே கூட்டிக்கொண்டு வந்தாள். என் தடுப்புக் கம்பி இறங்கி ஏறும் வரை கையைப் பிடித்து நிறுத்திவைத்து, அப்புறம் கடத்தினாள். பெண் டிவிக்கு முன் போய் நின்றாள்.

"அம்மா, இது நேத்து கீழ பாத்த அங்கிள்தானே? ஏன் இவர் படம் இருக்கு?"

"எங்க மானேஜர். ஒரு செமிகோலனை விட்டுட்டார்."

"அதுக்காகவா இவ்வளவு பெரிசா போட்டிருக்காங்க? பாவம்மா. வேணும்னேவா விட்டார்?"

சிட்டிகை சாத்தியிருந்த அந்த அறைக் கதவைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

"ஆமா, வேணும்னுதான்" என்றாள். "நீ இங்க வரணும்னு விட்டார்."